ஒரு மாதம் போன், ஒரு மாதம் ஊசி

செய்தி வந்தபோது ஒரு கல்யாண ரவிக்கையின் முதுகுப் பகுதியில் டிசைன் பதித்துக்கொண்டிருந்தேன். துளையிட்ட பட்டர் பேப்பரைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்க்கும் வேலை அது. முன்னறையில் கடை போன் அடித்தது. நசீமா எடுத்து, எப்போதும்போல் "சொல்லுங்க" என்றாள்.  கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா போயிட்டாங்களாம்."

"எங்க?" என்று கேட்டேன்.

 கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. பொடி காய்ந்துவிடும் என்ற நினைப்புத்தான் இருந்தது. முதுகை முடித்தேன், ரவிக்கையின் கைகள் இரண்டிலும் பதித்தேன், பேப்பரைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தேன். யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது. அதையும் குடித்தேன்.

பரிமளா அக்காவுக்கு மூளையில் இரத்தக் கசிவு. தலைவலி என்று வீட்டுக்குப் போனவரை அவர் தம்பி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிறகு அவர் கண் விழிக்கவே இல்லையாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

வேங்கிக்கால் கூடத்தில் அவரோடு உட்கார்ந்து ஆரி ஊசியால் பூவேலை செய்தவர்களுக்கும், அவர் போட்ட பூவையும் மயிலையும் அணிந்து மணமேடையில் நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் போனில் கேட்ட குரல். சிலருக்கு, துணி கட்டிய மரச் சட்டத்தின்மேல் குனிந்த தலை. இந்த இரண்டையும் ஒரே ஆளாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு சட்டத்தோடு தொடங்கியது எங்கள் கடை. தமிழ் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான் டிசைன் வரையச் சேர்ந்தேன். ஆர்டர் பெருகியதும் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வாடகைக்கு இடம் பிடித்தோம். கூடம் நிறையச் சட்டங்கள் வந்தன. சட்டம் கூடக்கூட அக்கா ஊசி பிடிப்பது குறைந்தது. பெண்ணின் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஜரி வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டும், யார் குழந்தைக்குக் காய்ச்சல், யார் நாத்தனாருக்குச் சீமந்தம் என்று லீவு பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில், கூடத்தில் ஊசி பிடிக்காத ஆள்கள் இரண்டே பேர். டிசைன் வரைகிற நான், வேலை கற்றுக்கொடுத்த அவர்.

ஒரு நாள் நசீமா சாப்பிடப் போயிருந்தபோது அக்கா அவள் சட்டத்தின் முன் உட்கார்ந்தார். அவள் போட்டிருந்த மயிலின் கழுத்தைப் பிரித்தார். தானே மறுபடி போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் அன்று வெகு நாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது.

நசீமா திரும்பி வந்து பார்த்தாள். "இது யார் போட்டது?"

"நான்தாம்மா. கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, சரி பண்ணேன்."

"சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேனே. எல்லாம் நீங்களே போடறதா இருந்தா நான் எதுக்குக்கா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களில் அவள்தான் கெட்டிக்காரி. கல்யாண மாதம் வேறு. சாயங்காலம் அக்கா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நசீமா வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொல்லியும் போகாமல் வாசலிலேயே நின்று சொன்னார்:

"உன் வேலை மோசம்னு பிரிக்கலடி. எனக்குக் கை அரிச்சுது. நாள் பூரா பேசிக்கினே இருக்கேன், போடறதுக்கு எனக்குன்னு ஒரு துணி இல்ல. உன்னுது கண்ணுல பட்டுடுச்சு."

 "அதுக்கு என் மயிலுதான் கெடைச்சுதா?" என்றாள் நசீமா. மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அக்கா மூலையில் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காலையில் டீ வரும்வரை அது அவர் நேரம் என்று எல்லோரிடமும் சொன்னார். நடக்கவில்லை. போனை அணைத்து வைத்தால் ஆட்கள் நேரில் வந்தார்கள். இடது கையில் போனை வைத்துக்கொண்டு ஆரி போட முடியாது. அந்தக் கை துணிக்கு அடியில் நூல் கொடுக்க வேண்டும். பௌர்ணமியன்று மட்டும் அவருக்கு நிம்மதி. கிரிவலத்துக்காக வண்டிகளைத் திருப்பி விடுவதால் வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். "ஊரே மலையச் சுத்துது, என்னை யாரும் தேடமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு சட்டத்தின் முன் உட்காருவார். மாதத்தில் அந்த ஒரு நாள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய துணிக்கடையின் மேனேஜர் வந்தார். அங்கே புதிதாக ஒரு யூனிட், ஏகப்பட்ட ஆட்கள், அக்காதான் தலைமை, தனி அறை. அக்காவின் தம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் அங்க என்ன பண்ணணும்?" என்றார்.

"நீங்க பார்த்துக்கிட்டா போதும் மேடம்."

"போடறது?"

"அதுக்கெல்லாம் ஆளுங்க இருக்காங்க."

"அந்த ஆளுதாங்க நான்" என்றார் அக்கா.

மேனேஜர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. அவர் போன பிறகு தம்பி கத்தினார்.   வார முடிவில் அக்கா நசீமாவைக் கூப்பிட்டார். "ஒரு மாசம் நான் போன் பாக்கறேன், நீ போடு. அடுத்த மாசம் நீ பாரு, நான் போடறேன்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?"

நசீமாவின் முதல் மாதத்தில் போளூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து, "ஓனரம்மா எங்க?" என்று கேட்டார். அக்கா தலையை நிமிர்த்தாமலே, "இந்த மாசம் அவங்கதாங்க ஓனரு. நான் ஒர்க்கரு. அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. யார் பொறுப்பு என்றே தெரியாத இடத்தில் எப்படிக் கொடுப்பது என்று துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பல வருடமாக வந்துகொண்டிருந்த குடும்பம் அது. அக்காவுக்கு வருத்தம்தான். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. ஆனால் ஏற்பாட்டை மாற்றவும் இல்லை.

அதே மாதம் ஒரு நாள் நசீமா அவர் சட்டத்தருகே வந்து நின்றாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, இந்த இதழ் கொஞ்சம் பெரிசாயிடுச்சு. பிரிச்சிடுங்க."

கூடத்தில் எல்லா ஊசிகளும் நின்றன. அக்காவின் முகம் ஒரு கணம் கறுத்தது. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு பிரித்தார். "என்னையே பிரிக்கச் சொல்ற தைரியம் வந்துடுச்சில்ல. இனிமே கடையைப் பத்தி எனக்குக் கவலை கம்மி" என்றார்.

அப்படித்தான் மாதம் மாற்றி மாதம் நடந்தது. அவர் கடைசியாகக் கூடத்தில் இருந்தது ஊசி மாதத்தில். அதில் எனக்கு ஆறுதல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

கீழ்பென்னாத்தூரில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். அவர் சாதாரண பருத்தி ரவிக்கை அணிந்திருந்தார். தான் போட்ட வேலை ஒன்றைக்கூட அவர் அணிந்து நான் பார்த்ததில்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், "அழுதுடும்மா, அடைச்சு வெச்சுக்காத" என்றார். முயன்று பார்த்தேன். என் விரல்களில் மண்ணெண்ணெய் வாசனை இருந்தது. அதைத்தான் முகர்ந்துகொண்டிருந்தேன்.

கூடத்தை மறுபடி திறந்த அன்று அவர் சட்டத்தில் பாதி போட்ட ஒரு ரவிக்கைக் கை இருந்தது. அதை யாரும் தொடவில்லை. சுற்றிப் போனார்கள். நசீமாதான் சொன்னாள்: "கல்யாணம் நிக்காது. தேவகி, நீ உக்காந்து முடி."  பக்கத்துச் சட்டத்தில் வேலை செய்யும் தேவகி முடித்தாள். அக்காவின் தையல் எங்கே முடிந்து தேவகியின் தையல் எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். பெண் வீட்டாருக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்த பிறகு நசீமா என்னிடம் வந்தாள். "ஒரு மாசம் நீ பாக்கறியா? நானே எல்லா மாசமும் பாத்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்." சரி என்றேன். இப்போது போன் என்னிடம் இருக்கிறது. பரிமளா இருக்காங்களா என்று கேட்பவர்களுக்கு நான்தான் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் மாறுவதில்லை. அது எனக்கே பயமாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். எனக்கு இந்த வேலை பிடிக்கும், இதற்கு எனக்கு நேரம் வேண்டும் என்று தம்பியிடமும் வாடிக்கையாளரிடமும் எங்களிடமும் அவர் கூச்சப்படாமல் சொன்னார். பிள்ளைக்கு வேண்டும், கடைக்கு வேண்டும் என்று கேட்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டும் என்று கேட்ட ஒருவரைத்தான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் ஒரு பெரிய தாளை விரித்து உட்கார்ந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஆர்டரா?"

"இல்ல."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு."

அவர் காபி போட அடுப்படிக்குப் போனார். நான் பென்சிலை எடுத்தேன். முதல் கோடு கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.