மாற்றிக் கொடுத்த இரண்டு இழைகள்

பிள்ளைகளே, நெசவுச் சங்கத்துக்குப் போவதை ஏன் விட்டேன் என்று நீங்கள் கேட்கிறபோதெல்லாம் நேரமில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். அங்கே நான் ஒரு பழி தீர்த்தேன். அதிகம் படித்தவன் இல்லை நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்து குடியேறிய வோபர்னில் ஒரு சமூக நிலையத்தின் பேஸ்மென்டில் சனிக்கிழமைகளில் சங்கம் கூடும். தமிழர் இரண்டே பேர்: நானும், கொழும்பில் ரீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அன்ரியும். பயிற்சிப் பட்டறைகளுக்கு அவர்தான் பொறுப்பு.

ஒவ்வொரு வசந்தத்திலும் பெரிய தறியில் எல்லாருக்குமாக ஒரே நீளப் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், ஏற்றுவார்கள். ஆளுக்கொரு துவாலையைத் தன் நூலால் நெய்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். முடிவில் வெட்டிப் பங்கிடுவார்கள்.

ஊரில் சண்டை முடிந்த வைகாசியில் என் முறை வந்தது. உங்கள் பெரியப்பா இனி இல்லை என்று வெள்ளிக்கிழமை போன் வந்தது. உடல் கிடைக்கவில்லை. கொள்ளி வைக்கவும் ஆளில்லை. மறுநாள் எங்கே போவதென்று தெரியாமல் தறியில் போய் இருந்தேன். கறுப்பு நூல் போட்டு, பலகையால் அடித்து அடித்து ஒரு முழம் நெய்தேன். மரம் போல இறுகியிருந்தது. அந்த முழத்தை எனக்கே தரும்படி கேட்டு, யாருக்காக நெய்தேன் என்று அன்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அது தறியில் இல்லை. இழை இழையாக உருவிவிட்டு, அந்த இடத்தில் அன்ரி நீல நூலால் நெய்துகொண்டிருந்தார்.

“அன்ரி, என்ர துண்டு எங்கை?”

“அவிட்டுப் போட்டன் தம்பி. உது துவாலையோ, சாக்கோ? உந்த வெள்ளைக்காரர் பார்த்தால் தமிழருக்கு நெய்யத் தெரியாதெண்டெல்லோ சொல்லுவினம்.”

“அண்ணைக்கெண்டு நெய்தது. உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும். செத்தவீட்டைக் கொண்டுவந்து தறியிலை வைக்காதையும்.”

வீட்டில் வந்து சொன்னேன். வயதுபோன மனுசி, விட்டுவிடுங்கோ என்றார் உங்கள் அம்மா. விட்டுவிட்டேன் என்றேன். விடவில்லை. வேலையில் பெட்டி அடுக்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலக் கண்காட்சிக்கு அன்ரி தன் சிறு தறியில், ஒரே பாவில் இரண்டு மேசை விரிப்புகள் நெய்யத் தொடங்கினார். வெள்ளை இழை ஒன்று, பால்வெள்ளை இழை ஒன்று என்று மாறிமாறி வரவேண்டும். பாவு ஏற்றும்போது இரண்டு பேர் இருப்பது வழக்கம்: ஒருவர் பின்னாலிருந்து இழைகளை வரிசையாக எடுத்துக் கொடுக்க, மற்றவர் முன்னாலிருந்து தறியின் கம்பிக் கண்களுக்குள்ளால் இழுப்பார். பேஸ்மென்ட் ரியூப் லைட்டில் அன்ரிக்கு அந்த இரண்டு வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கண்ணில் புரை. என்னைக் கூப்பிட்டார்.

“உம்மடை கண் நல்ல கண். நீர் எடுத்துத் தாரும்.”

வைகாசியில் நடந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. பாவின் நடுப்பகுதி வந்ததும் இரண்டு இழைகளை மாற்றிக் கொடுத்தேன். பாவில் இழை மாறினால் அந்தப் பிழை துணியின் கடைசிவரை வரும். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தில் நின்று, நல்லாய் வருகுது அன்ரி என்று சொன்னேன். அப்படிச் சொல்வதும் இனித்தது.

கண்காட்சி மேல்மாடி மண்டபத்தில். முதல் விரிப்பை யன்னல் ஓரம் தொங்கவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை, நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு. வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அன்ரி கிட்டப் போய் விரலால் தடவிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்த முகத்தோடு கேட்டேன்:

“உது விரிப்போ, சாக்கோ அன்ரி?”

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்கள் நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் சிரித்தார்கள். அன்ரி அவர்களிடம் இங்கிலிஷில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ர கண்தான் பிழையெண்டு உவையளுக்குச் சொல்லிப் போட்டன்,” என்றார் அன்ரி. “உம்மடை கண்ணைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

அதன் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் என் பிள்ளைகள், உங்களிடம் அதை மறைக்க மாட்டேன்.

கண்காட்சிக்கு அடுத்த சனிக்கிழமைதான் நான் அங்கே போன கடைசி நாள். எல்லாரும் போகும்வரை நின்றேன். இரண்டாவது விரிப்புக்கான பாவு அவர் தறியில் அப்படியே இருந்தது. அவர் விட்டுப்போன நூலை எடுத்து, பெரியப்பாவுக்கென்று ஒரு முழம் நெய்தேன். நடுவில் அந்தக் கோடும் கூடவே வந்தது. கத்தரிக்கோலால் வெட்டி, ஜாக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, லைட்டை அணைத்தேன்.