மர்ஜானா பார்த்த ரத்தக்குழாய்

விருத்தாசலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஹிதாயத்துல்லாவின் மகள் மர்ஜானா, இயற்பியல் முடித்துச் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அது 2007. சாயம் ஏற்றாமலே சதைக்குள் இருக்கும் மெல்லிய இழைகளைக் காட்டும் லேசர் நுண்ணோக்கி அங்கே இருந்தது. நல்ல ரத்தக்குழாயையும் நோய்ப்பட்டதையும் ஒப்பிட்டு, கேடு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நல்ல குழாய், இதய அறுவையில் மிஞ்சிய துண்டாகக் கிடைத்தது. நோய்ப்பட்டதைத் தரத்தான் ஆட்கள் பயந்தார்கள்.

"நானே போய்க் கேக்குறேன் சார்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

கட்டிலில் இருந்த கொளஞ்சியப்பனுக்குப் பீடியும் சர்க்கரையும் சேர்ந்து இடது பாதம் கறுத்திருந்தது. மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். பேச்சிலேயே ஊரைக் கண்டுகொண்டாள்.

"விருத்தாசலமாண்ணே? நான் பாத்திரக்கடை ஹிதாயத்துல்லா பொண்ணு. நாளைக்கு எடுக்கப்போற காலுல ஒரு துண்டு ஆராய்ச்சிக்குக் கேட்டு வந்திருக்கேன்."

"அடடே! நான் செராமிக் கம்பெனியில பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யறேம்மா. என் காலு உனக்கு எதுக்கு?"

"அதுல இருக்குற ரத்தக்குழாயப் பாக்கணும். உங்க காலு திரும்ப வராதுண்ணே. நாளைக்கு வேற ஒருத்தர் காலு பொழைக்கலாம்."

அவர் தலையாட்டினார். "எடுத்துக்க. பாத்தத எனக்கும் காட்டணும்."

அறுவை முடிந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நல்ல குழாயில் இழைகள் அலையலையாய் ஓடின. கொளஞ்சியப்பனுடையதில் அறுந்து கிடந்தன, இடையிடையே சுண்ணாம்புத் திட்டுகள். அடைப்பே இல்லாத பகுதியிலும் இழை அறுந்திருந்ததுதான் அவளை நிமிர வைத்தது. அப்படியென்றால் அடைப்பு வருமுன்பே கேடு தொடங்கிவிடுகிறது.

"வெட்டும்போது பிய்ஞ்சிருக்கும்" என்றார் பேராசிரியர்.

"அப்படின்னா நல்ல குழாயும் பிய்ஞ்சிருக்கணுமே சார். ரெண்டையும் ஒரே கத்தியிலதான் வெட்டினேன்."

வேறு நான்கைந்து பேருடைய துண்டுகளிலும் அதையே காட்டியபின், "கட்டுரையா எழுதிடும்மா" என்றார் அவர்.

ரம்ஜானுக்கு ஊருக்கு வந்தவள், பண்டிகைக்கு மறுநாள் லேப்டாப்போடு கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போனாள். படங்களை அவர் வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி பூவாயி கேட்டாள்:

"இந்தக் காலு போச்சு. இன்னொரு காலும் இப்படித்தான் இருக்குதா?"

"அத நான் பாக்கலக்கா. ஆனா பீடிய விட்டு, மாத்திர ஒழுங்கா சாப்ட்டா காப்பாத்தலாம்னு டாக்டரே சொல்றாரு. பயப்படாதீங்க."

கொளஞ்சியப்பன் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "இந்தப் படத்த எங்க கம்பெனியில பீடி குடிக்கிற ஆளுங்களும் பாக்கணும். சாப்பாட்டு நேரத்துல வர்றியாம்மா?"

"இன்னைக்கே போலாம்ணே" என்று மர்ஜானா எழுந்தாள். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.