கூட்டத்தில் சொன்ன ‘ஓம்’

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் விரலைக் காட்டித்தான் தேநீர் வாங்குவேன். ஒரு விரல், ஒரு தேநீர். சர்க்கரை வேண்டாமென்றால் உள்ளங்கையை ஆட்டுவேன். கடைக்காரர் என்னை ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார். பாவப்பட்டு நுரையைக் கூடுதலாக ஊற்றுவார். நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் நண்பர்களே, உங்கள் மொழி அங்கே ஒருவருக்கும் விளங்காது என்று எழுதுகிறீர்கள். கொடுத்துவைத்தவர்கள். தொண்ணூற்றொன்றில் என் மொழி சுற்றியிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதன் பிறகு யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தால் போதும், யாராவது காவல் நிலையத்துக்கு நடந்துவிடுவார்கள். பிறகு விசாரணை, முகாம். வாலாஜாபாத் வாடகை வீட்டில் தனியே நிற்கும் மனைவி. நம் பேச்சில்லாத ஆண்குரல் வாசலில் கேட்டால் பின்கதவால் இறங்கிவிடச் சொல்லியிருந்தேன். பென்னலூர்ப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் வரைபடம் சரிபார்ப்பவன். என் இழுவையைக் கேட்டு மேலாளர் என்னைக் கேரளத்துக்காரன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஆங்கிலத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். ஊரில், சோதனைச் சாவடியில், சிப்பாயின் முன் தமிழை விழுங்கிப் பழகிய தொண்டைதான். அங்கே பேருந்து முழுவதும் என்னோடு சேர்ந்து விழுங்கியது. இங்கே தனியாக விழுங்கினேன்.

ஆவணியில் ஜெர்மனியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். நீள மேசை, மின்விசிறி, பிஸ்கட் தட்டு. அவர்கள் ஜெர்மனில் குசுகுசுத்தார்கள். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஏழுமலை மேலாளரின் காதில் தமிழில் குசுகுசுத்தார்: “டை அச்சு கிராக் உட்டுக்கீது சார், ரெண்டு வாரத்துல சாம்பிள்லாம் ஆவாது. நீங்க வெள்ளைக்காரன் மூஞ்சியப் பாத்து சிரிச்சிகினே இருங்க.” ரகசியம் பேச அவர்களுக்கெல்லாம் ஒரு மொழி இருந்தது. எனக்கு மொழியே ரகசியம்.

மேலாளர் வரைபடத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: “துளை பன்னெண்டு மில்லிதானே?”

“ஓம்.”

ஊரில் ‘ஆமா’வுக்கு நாங்கள் சொல்வது; வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜெர்மன்காரர் முகம் மலர்ந்தது. கண்ணை மூடி, கைகுவித்து, “ஓஓம்! வெரி குட்! யோகா!” என்றார். அறையே சிரித்தது. நானும் பல் கிட்டிக்கச் சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் வழிமறித்தார். “ஏன் சார், நம்ம லைன்ல ரெண்டு கேரளாக்காரன் கீறான். ஒருத்தனும் ‘ஓம்’ன்னு சொல்லிக் கேட்டதில்லியே?”

நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நகரப் பார்த்தேன்.

“வூட்ல யார் கீறாங்க?”

“வைஃப்” என்றேன்.

சைக்கிளைத் திரும்ப ஸ்டாண்டில் போட்டார். “எங்க, ‘ஆமா’ன்னு சொல்லு.” ‘சார்’ போய் ‘நீ’ வந்திருந்தது.

“ஆமா.”

“இழுக்காதய்யா. டக்குனு வுழணும், பஞ்ச் அடிக்கிற மாரி.”

“ஆமா.”

“ம்ம். நான் ஒண்ணியும் கேக்கல, போ.”

அது இரக்கமா, எச்சரிக்கையா? இரண்டு வாரம் அவருடைய சைக்கிள் வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காவல் நிலையம் இடப்பக்கம். பேருந்தில் உதட்டுக்குள் ஆமா, ஆமா என்று அடித்துக்கொண்டே வந்தேன். அடுத்த கூட்டத்தில் மேலாளர் ஏதோ கேட்டார். “ஆமா” பிசிறில்லாமல் விழுந்தது. ஏழுமலை பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: “ஆரது, நீங்களோ?”

“ஆமா” என்றேன், டக்கென்று.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, பின்கதவின் தாழ்ப்பாளை அவள் மெல்ல மெல்ல நீக்குவது கேட்டது.