சீடிக்கு வைத்த பொட்டு

அத்தானைச் சுட்டுப் போட்டபோது அக்காவின் மகனுக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை. மூதூர் வீடு செல் குண்டு விழுந்து எரிந்ததில் படங்கள் எல்லாம் சாம்பலாகிவிட்டன. திருகோணமலை நகரத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த கலியாண வீடியோச் சீடி ஒன்றுதான் மிச்சம். அத்தானின் முகம் வேறெங்கும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படம் வேண்டுமே! அத்தானின் தமையன், எங்கள் பெரியத்தான், அந்தச் சீடியையே கதிரையில் சாய்த்து வைத்து மாலை போட்டார். எழுத்துள்ள பக்கம் பார்க்க வடிவில்லையாம். படம் பதிந்திருக்கும் மினுங்குகிற பக்கத்தைத் திருப்பி, அதில் சந்தனமும் குங்குமமும் அப்பினார். படித்த மனிசன்! செத்த வீட்டில் பெண்டுகள் வாய் திறந்தால் அது பெரிய கதையாகிவிடும்.

பிள்ளை பேசத் தொடங்கியதும், "இவனுக்கு அப்பாவை ஒருக்காக் காட்டுங்கோ" என்று அக்கா பெரியத்தானிடம் போய் நின்றாள். லப்டொப் அவரிடம்தான் இருந்தது. சோதனைச் சாவடியில்கூட ஆமிக்காரனின் கை படவிடாமல், துவாயில் சுற்றிக் காவித் திரிவார்.

நான் வீடியோக் கடையில் வேலை செய்தவள். "நனைச்ச மெல்லிய துணியால நடுவில இருந்து ஓரத்துக்கு நேராத் துடையுங்கோ. வட்டமாத் தேய்ச்சால் கீறல் படத்தோடயே ஓடும். நல்லாக் காய்ஞ்ச பிறகு போடுங்கோ" என்றேன்.

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பிறகு லப்டொப்பின் தட்டை இழுத்து, சீடியை நடுக்குமிழில் 'டிக்' என்று அமர்த்தி, தன்னுடைய மெஷினுக்கு நோகாமல் மெதுவாகத் தள்ளினார். தம்பியின் முகத்துக்கு அந்தப் பக்குவம் கிடைக்கவில்லை.

கரகரவென்று சுற்றியது. மணவறை வந்தது. அத்தானின் தலைப்பாகை தெரிந்தது. முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. தாலி கட்டுகிற இடமும் அப்படித்தான். சீடியில் சந்தனம் படாத ஓரத்தில் இருந்த கடைசிப் பகுதி, பந்திச் சாப்பாடு, அது மட்டும் துப்புரவாக ஓடியது. அதில் பெரியத்தான் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் நல்ல வடிவு, என்ன?" என்றார்.

அப்பாவைப் பார்க்கலாம் என்று அக்கா காலையிலிருந்து பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவன் அவளுடைய மடியிலிருந்து எட்டித் திரையில் பாயாசம் குடித்தவரைத் தொட்டு, "அப்பா" என்றான். பெரியத்தான் குலுங்கிச் சிரித்தார். அக்கா பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அடி விழவேண்டிய கன்னம் அதுவல்ல.