சாலமனின் ஆறு மணி செல்ஃப்

அன்று காலை ஆறு மணிக்கு என் போன் அடிக்கவில்லை. அது அடிக்காததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "ஊரப்பாக்கத்தான் வண்டி இன்னிக்கு மக்கர் பண்ணிட்ச்சி" என்று என் சம்சாரம் தனத்திடம் சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். ரொம்ப நேரம் கழித்துப் போன் வந்தது. சாலமன் பேர்தான் வந்தது. எடுத்த உடனே, "இன்னா ஒரே செல்ஃப் மன்னா, தள்றதுக்கு ஆளு அனுப்பட்டா?" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மனைவி ஸ்டெல்லா. "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ளயே..." என்றது.

சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சாலமன் என்னைத் தோற்கடிப்பது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை போட்டி என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இதைப் படிக்கப் போகிறவர்கள் எல்லாம் அவனைத் தெரிந்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரத்தில் பழைய டீசல் கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசுகிற நம் கூட்டம். அவனைப் பற்றி நாலு வார்த்தை எழுது என்று என்னைப் பிடித்துவிட்டீர்கள். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவன் பள்ளிக்கூடத்தில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்திருந்தால் இதைத் திருத்திக் கொடுத்திருப்பான். திருத்துகிற சாக்கில் தன்னைப் பற்றி இரண்டு வரி கூடவும் சேர்த்திருப்பான்.

நல்லவன், வல்லவன் என்று எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுத முடியும். எனக்குத் தெரிந்தது வயிற்றெரிச்சல்.

முதல் எரிச்சல் செங்கல்பட்டில் ஆரம்பித்தது. பழைய கார் சாமான் விற்கிற கடையில் ஒரு பித்தளை ரேடியேட்டர் மூடியைப் பார்த்தேன். பித்தளையில் கிடைப்பது அபூர்வம். நான் கையை வைக்கிறேன், இன்னொரு கையும் அதே மூடியில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா.

"வுடு அண்ணாத்த, நான்தான் மொதல்ல பாத்தேன்" என்றேன்.

"நீ பாத்த. நான் எட்த்தேன்" என்றான்.

வெளியே வந்தால் ரோட்டில் இரண்டு கார்கள், ஒன்றின் பின்னால் ஒன்று. அதே உருண்டை மூக்கு, அதே டீசல் இஞ்சின், அதே வெள்ளை. அவனுடையது பளபளவென்று இருந்தது. என்னுடையதில் அன்றைக்கு மீன் கூடை இருந்தது. அவன் என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, டீசல்ல ஓடுதா, வஞ்சிரத்துல ஓடுதா?" என்று கேட்டான். அந்த இடத்திலேயே எங்களுக்குள் சிநேகம் ஆகிவிட்டது. மூடியை மட்டும் அவன் விடவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே கொள்கை. வண்டியில் வேறு ஆள் கை வைக்கக்கூடாது. ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, வால்வு அட்ஜஸ்ட் செய்வது எல்லாம் சொந்தக் கைதான். நான் படகு இஞ்சினில் வளர்ந்தவன், எதையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் யோசிப்பேன். அவன் நேர்மாறு. இஞ்சினின் மேல்மூடியை, தலை என்போம், அதைக் கழற்றவே மாட்டான். "தொறந்து பாத்துட்டா அப்பறம் அது மேல மரியாத போய்டும் கஜா" என்பான். அதைக் கேட்டு நான் சிரிப்பேன். ஆனால் தலையைத் திறந்து, வால்வைத் தேய்த்து, பிஸ்டன் ரிங்கு மாற்றிய என் வண்டி காலையில் இழுத்தடிக்கும். திறக்காத அவன் வண்டி, சாவியை ஒரு தடவை திருகினால் போதும், ஒரே செல்ஃபில் எழுந்து நிற்கும்.

என் வண்டிக்கு வியாதி ஒன்றுதான், காற்று. டேங்கிலிருந்து வருகிற குழாயில் எங்கேயோ கொஞ்சம் காற்றுப் புகுந்துகொள்ளும். டீசல் இஞ்சினுக்கு அது தொண்டையில் சோறு அடைத்த மாதிரி. ஃபில்டர் மேல் இருக்கிற நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி எல்லாம் வெளியே போகும்வரை காத்திருந்தால்தான் கிளம்பும். எந்தக் குழாயை மாற்றினாலும் காற்று வேறு வழி கண்டுபிடித்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டுதான் அவன் போன் போட ஆரம்பித்தான். தினம் காலை ஆறு மணி. ஹலோ கிடையாது. போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பான். கொர் என்று ஒரு சத்தம், முழுதாக ஒரு கொர்கூட இல்லை, அதற்குள் இஞ்சின் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடும். அப்புறம்தான் குரல் வரும். "கேட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவான். நான் பல் விளக்காமல் வாசலில் நின்றுகொண்டு கைப்பம்பு அடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. என் மச்சினன் படகு கரையில் நின்றிருந்தது. புது இஞ்சின், தொட்டால் ஓடும். ஆறு மணிக்கு நானே முந்திக்கொண்டு போன் போட்டேன். படகு இஞ்சினைப் போடச் சொல்லி, போனைப் பக்கத்தில் பிடித்து, "கேட்டியா?" என்றேன்.

 அவன் அமைதியாகக் கேட்டான். "அலை சத்தம் கேக்குதுடா. உன் வண்டி இன்னா, கடல்லயா நிக்கிது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தக் கதைதான், உங்களுக்கே ஞாபகம் இருக்கும். "ஏமாத்தறதுக்கும் ஒரு மூள வேணும், கஜாவுக்கு அது ஏர் லாக் ஆய்ட்ச்சி" என்று ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் முதலில் வந்து நிற்பான். கோயிலைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அவன் வண்டி மேல் சாய்ந்து போட்டோ எடுப்பார்கள். என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், உங்கள் வண்டி போட்டோவில் விழுகிறது என்பார்கள். அப்படி நான் கடுகடுத்து நின்ற ஒரு நாளில்தான் அவன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். "மூஞ்சிய அப்டி வெச்சிக்காத. எனக்கப்பறம் இந்த வண்டி உனுக்குத்தான். வெளில சொல்லாத, மத்தவன்லாம் வருத்தப்படுவான்." அன்றிலிருந்து அந்த வண்டியை நான் வேறு கண்ணால் பார்த்தேன். அவன் பள்ளத்தில் இறக்கினால் எனக்கு இடுப்பு வலித்தது.

அடக்கத்துக்குப் போனேன். ஊரப்பாக்கத்தில் அவன் தெருவில் கால் வைக்க இடமில்லை. சர்ச் ஜனம், பள்ளிக்கூடத்து ஜனம், அவன் கையால் டி.சி. வாங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று யோசித்தேன். எனக்கு வருகிற கூட்டம் மீன் விலை கேட்டுவிட்டுப் போய்விடும். பெட்டிக்குள் அவன் கோட்டு போட்டுப் படுத்திருந்தான். என் கல்யாணத்துக்குக்கூட நான் கோட்டு போட்டதில்லை. அழுதுகொண்டேதான் இதையெல்லாம் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, என்ன செய்வது.

சில வாரம் கழித்து அவன் வீட்டில் ஜெபம் வைத்திருந்தார்கள். காலையிலேயே போய்விட்டேன். வண்டி வாசலில் துணி போர்த்தி நின்றது. துணியை விலக்கினால், அந்தப் பக்கத்திலிருந்து கல்பட்டறை வேலுவும் விலக்குகிறான். அவன் நம் மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவன். டிரைவர் பக்கம் நாவலூர் ரமேஷ் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்.

"இன்னா வேலு, காலைலயே?" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னாரு அண்ணாத்த. இருந்தாலும் சொல்றேன். வண்டிய எனுக்குன்னு சொல்லிட்டுப் போய்கீறாரு."

"சார், எங்கிட்டயும் சொன்னாரு. மத்தவங்க வருத்தப்படுவாங்க, வெளில சொல்லாதீங்கன்னாரு" என்றார் ரமேஷ்.

செத்தவனை அடிக்க வழி இருந்தால் அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து அடித்திருப்போம். சத்தம் கேட்டு ஸ்டெல்லா வெளியே வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தூணில் சாய்ந்துகொண்டது. "எல்லார்கிட்டயும்தான் சொல்லிகீறாரு. சரி, யாரு ஸ்டார்ட் பண்றீங்களோ, வண்டி அவங்களுக்கு" என்று சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு உள்ளே போனது.

ஒரே செல்ஃப் வண்டி. முதலில் தொடுகிறவனுக்குத்தானே? வேலு பாய்ந்து உட்கார்ந்து திருகினான். கொர் கொர் கொர் என்றது, பிடிக்கவில்லை. ரமேஷ் தன் காரிலிருந்து பேட்டரிக்குக் கம்பி போட்டுத் திருகினார். வெள்ளைப் புகை வந்தது, இஞ்சின் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "நவுருங்கடா, ரொம்ப நாளு நின்னுகினு கீது, ஏர் புடிச்சிகினு இருக்கும்" என்று நட்டைத் தளர்த்தினேன். ஏர் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாதே. குமிழி ஒன்றுகூட இல்லை. அப்படியும் விடவில்லை, அடுத்த நட்டைத் தளர்த்தினேன். நீ தளர்த்தினது போதாது என்று வேலு இன்னொன்றைத் தளர்த்தினான். ரமேஷ் பம்பு அடித்தார். ஜெபத்துக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டை மூன்றும் டீசல். பாதிரியார் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். வண்டி அசையவில்லை.

ஜெபம் முடிந்தது. ஸ்டெல்லா வெளியே வந்து பார்த்தது. "மொதல்ல நீங்க உள்ள வுட்ட காத்த வெளிய எடுங்கண்ணா" என்றது. நட்டையெல்லாம் முடுக்கி, பம்பு அடித்து, காற்றை எடுத்து முடிப்பதற்குள், சமையல்கட்டிலிருந்து ஆவி பறக்க ஒரு குண்டான் வெந்நீர் கொண்டுவந்தது. பித்தளை மூடியைத் திருகியது. எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று எங்களில் ஒருவனும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் காற்று மேல்தான் கண்.

"சாயங்காலமே தண்ணிய எறக்கி வுட்ருவாருண்ணா. காலைல சுடுதண்ணி. ஒரு குண்டான் ஊத்தி, அது ஆறனதும் எறக்கிட்டு, இன்னொரு குண்டான். தேஞ்ச இஞ்சினுண்ணா, சூடு ஏறனாதான் புடிக்கும்."

இரண்டாவது குண்டானையும் ஊற்றிவிட்டு, கண்ணை மூடி ஒரு ஜெபம் முழுதாகச் சொல்லி முடித்தது. சூடு ஏறுவதற்கு அதுதான் நேரக் கணக்காம். பிறகு உட்கார்ந்து திருகியது. கொர் கொர் என்று நெடுநேரம் முக்கி, தெரு முழுக்கப் புகை விட்டு, இஞ்சின் பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தியது. மறுபடி திருகியது. பாதி கொர். தடதடவென்று ஓடியது.

"இந்த ரெண்டாவது செல்ஃபுக்குதான் கையத் தொடச்சிகினு உங்களுக்கு போன் போடுவாரு" என்றது.

படகு இஞ்சின் வைத்து ஏமாற்றினேன் என்று என்னை ஊர் முழுக்கச் சிரிக்க வைத்தவன்! "எதுக்குமா இந்தப் பாடு? இஞ்சினத் தொறந்து ரிங்கு மாத்தினா போச்சி" என்றேன்.

"தொறக்க பயம்ணா அவருக்கு. உங்க வண்டியப் பாத்துதான் பொலம்புவாரு. 'கஜா வண்டி காத்து புடிக்கிது, அவ்ளோதான், இஞ்சினு சிங்கம் மாதிரி கீது. என்னுது பல்லு போன கேஸு. அவனுக்குத் தெரிஞ்சா செத்தேன்'னு."

சாலமனுக்கு என் மேல் பொறாமை. இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். கிடைத்தபோது, அதை வைத்து அவனைக் கிண்டல் பண்ண அவன் இல்லை. அந்த லாபத்தை வைத்து நான் என்ன செய்ய?

அதற்குள் அடுத்த எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் தூக்கமெல்லாம் கலைவதற்கு முன்னால் எழுந்து, அவன் பொய்க்குத் தினம் இரண்டு குண்டான் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறது இந்தப் பெண். வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். "குளிக்கவே உனுக்கு சுடுதண்ணி வெச்சதில்ல, காருக்கு வெக்கப் போறனா?" என்று முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

அன்று அங்கிருந்து கிளம்பும் முன், வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டி வேலுதான் கடைசியாகக் கேட்டான். "அப்போ வண்டி யாருக்குக்கா?"

"ஸ்டார்ட் பண்றவங்களுக்குன்னு சொன்னேன்ல. நான்தான பண்ணேன்" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது.

ஆகவே நண்பர்களே, வண்டி எனக்குக் கிடைக்கவில்லை. பித்தளை மூடியும் கிடைக்கவில்லை. சாலமனிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது அந்த ஆறு மணி வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

அதுவும் அவனோடு போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நேற்று காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவன் பேர். காதில் வைத்தேன். பாதி கொர், தடதட.

"கேட்டுச்சாண்ணா?"

"சுடுதண்ணி வண்டி சத்தம் எனுக்குத் தெரியாதா?" என்றேன்.

"உங்க வண்டி?"

வாசலில் என் வண்டி காற்றுப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. "ஒரே செல்ஃப்மா" என்றேன்.

"போட்டுக் காட்டுங்க, கேக்கறேன்."

"இரு, சாவி எட்த்துனு வரேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு மச்சினன் படகைத் தேடிக் கரைக்கு ஓடினேன். அலைதான் கொஞ்சம் அடங்க மாட்டேன் என்றது.