சந்தனம் பட்ட ஃபிளாப்பி

எத்தனை முறை கட்டளை கொடுத்தாலும் திரையில் அதே வரிதான் வந்தது. வருகைப் பதிவு இருந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை; கணினியால் அதைத் திறக்கவே முடியவில்லை.

தேனிக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலையில், 1989-இல், கணினியைத் தொடத் தெரிந்தவள் ஞானசெல்வி ஒருத்திதான். தொழிலாளர் வருகையை அவள் ஏற்றி முடித்ததும் தாள்கள் பழைய பேப்பருக்குப் போய்விடும்.

முந்தைய நாள் ஆயுத பூஜை. பூஜை நேரத்தில் ஒரு மிஷினும் ஓடக் கூடாதென்று எலக்ட்ரீஷியன் கருத்தக்கண்ணன் வழக்கம்போல மெயினை இறக்கிவிட்டான். கணினியை முறையாக நிறுத்திவிட்டுத்தான் கரண்டை எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் பொரிகடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நகல் ஃபிளாப்பிகளையும் அவளேதான் பூஜைக்கு எடுத்து வைத்தாள், உறையோடு வைத்தால் நன்றாயிருக்காதென்று உறையைக் கழற்றிவிட்டு. இப்போது நான்கின் திறப்பிலும், உள்ளே பளபளத்த தகட்டின் மேலேயே, சந்தனம் காய்ந்து கிடந்தது.

இரண்டு வருஷத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்திருந்தால் தற்காலிக ஆள் நிரந்தரமாகலாம். அவள் பக்கத்து வீட்டு ராஜாத்திக்கு நானூற்றெண்பத்தாறு. வெள்ளிக்கிழமை தொழிலாளர் ஆபீசுக்குப் பட்டியல் போக வேண்டும்.

மதுரை இன்ஜினீயருக்கு டிரங்க்கால் போட்டாள்.

"சரிபார்க்கிற கட்டளையைக் கொடுங்கம்மா. ஒவ்வொண்ணா கேக்கும். எல்லாத்துக்கும் ஆமான்னு ஒய் அடிங்க."

"அழிக்கவான்னு கேக்குதே சார்?"

"கெட்டதை அழிச்சாத்தான் மிச்சம் நிக்கும்."

அடித்தாள். எந்த ஒய் எந்த மாதத்தைக் கொண்டுபோனது என்று அப்போது தெரியவில்லை. மத்தியானம் டிஸ்க் மவுண்ட் ஆனது. இருபத்துநாலு மாதத்தில் பத்தொன்பதுதான் இருந்தது. ராஜாத்திக்கு முந்நூற்றெண்பத்துநாலு.

"மிஷின் ஓடுதுல்ல, கெட்டிக்காரிதாம்மா நீ" என்றார் மேனேஜர் சுந்தர்ராஜ்.

"சார், விட்டுப்போனதைக் கேட்டு எழுதிக்கலாமா?"

"உள்ள இருக்கறதைத்தான் அனுப்பணும். கையால எழுதினா பொய்யுன்னு ஆயிரும்." அறுபத்திரண்டு பேர் இருந்த பட்டியல் ஒன்பது பேராகச் சுருங்கியதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் குழாயடியில் ராஜாத்தி குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏத்தா, நம்ம நாளையெல்லாம் பெட்டி தின்னுபுடுச்சாமே?"

"அஞ்சு மாசம் போச்சுக்கா. தையும் போச்சு."

"பொங்கலன்னிக்குக்கூட நின்னேனே! ஆளில்லைன்னு மேஸ்திரி வீடு தேடி வந்தாகளே."

"தெரியும்க்கா. நாந்தான் ஏத்தினேன்."

"அந்தக் கம்ப்யூட்டர் தட்டுல சந்தனம் வச்சது யாரு?"

"பூசாரி. எடுத்துக் கொடுத்தது நானு."

குடம் நிறைந்து வழிந்தது. ராஜாத்தி குழாயை மூடவில்லை.

"நானும் அதைத்தான் விழுந்து கும்பிட்டேன்" என்றாள். "வேலை நிலைக்கணும்னு."

அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு ராஜாத்தி கணினி அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேலைக்கு வந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு செல்வி. உன்னை நம்பாம இல்ல. அதைத்தான் நம்பல."

அந்தத் தாள் எந்த ஆபீசிலும் செல்லாது. ஞானசெல்வி அதைச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.