நெல்ஃபாவின் உள்ளங்கை

நெல்ஃபா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் மாட்டியதை இடது கையால் விரல் விரலாக இழுத்துவிட்டாள். மதிய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுக்கோ விடியற்காலையிலிருந்தே இடுப்பு வலி.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் பயணிகளின் கையைத் துடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. உள்ளங்கை, இடுப்பு வார், பையின் கைப்பிடி எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பட்டையால் துடைத்து இயந்திரத்தில் செருகுவாள். இயந்திரம் பட்டையைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் தூசை ஆவியாக்கும். அதற்கு மின்னேற்றி ஒரு குழாயில் ஓடவிடும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுமாம். வேகத்தை வைத்து இன்ன பொருள் என்று சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடியே போதும். பச்சை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் நிற்க வேண்டும்.

முதலில் வந்தவள் ரிச்செல் என்ற பெண். ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குக் கிளம்பியவள். துடைத்ததும் சிவப்பு வந்தது.

"இண்டாய், பையில என்ன?"

"கருவாடு, மானாங். அம்மா கட்டிக் குடுத்தது." எங்கள் பக்கம் சின்னப் பெண்ணை இண்டாய் என்போம், அக்காவை மானாங் என்போம்.

"கருவாடு வெடிக்காது. பட்டாசு, உரம், ஏதாவது தொட்டியா?"

"எங்க வீடு கடைத்தெருவுல. ஒரு செடிகூடக் கிடையாது."

நெல்ஃபா கையுறையை மாற்றிவிட்டு மறுபடி துடைத்தாள். மறுபடியும் சிவப்பு.

மேற்பார்வையாளர் பால்மாரெஸ் வந்தார். "ரெண்டு சிவப்பா? போலீஸைக் கூப்பிடு. நாயும் வரட்டும்."

"நாய் வர்றதுக்குள்ள விமானம் போயிரும், சர்."

"போகட்டும். மூணாவது தடவை துடைக்க விதி இல்ல. உனக்கு நான் சொல்லணுமா?"

ரிச்செல் அழத் தொடங்கினாள். "இன்னிக்குப் போகலைன்னா வேற ஆளை அனுப்பிருவாங்க, மானாங். ஏஜென்சிக்காரி காலையிலயே சொல்லிட்டா."

அப்போதுதான் நெல்ஃபா திரையை ஒழுங்காகப் பார்த்தாள். அதில் வெடியுப்பின் பெயர் இருந்தது. பட்டாசில் போடுகிற அதே உப்பு. மாமரத்தைச் சீக்கிரம் பூக்கவைக்க நாங்கள் அதைத்தான் கரைத்துத் தெளிக்கிறோம். அன்று காலை கிமாராஸ் தீவில் அண்ணன் தோப்புக்கு அவள்தான் அதைக் கலக்கிக் கொடுத்திருந்தாள். படகுக்கு நேரமாகிவிட்டது. கை கழுவப் போனவளை அண்ணி கத்தித் தடுத்தாள். வேலை செய்து சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும், கை நடுங்கும். அதுதான் பாஸ்மா. துணியில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படகேறிவிட்டாள். நான் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் பயிற்சி பெற்ற இடத்தில் அப்படி ஒரு நோயே இல்லை என்றார்கள். இருந்தும் இஸ்திரி போட்ட கையை நானும் உடனே நனைப்பதில்லை.

அந்தக் கையால்தான் இரண்டு தடவையும் கையுறையை இழுத்து மாட்டியிருக்கிறாள். வெளிப்பக்கத்தைத் தொடாமல் மாட்டுவது சுலபமில்லை. களைத்தவளுக்கு அது ஞாபகமும் வராது.

சோதிப்பவர் கையிலேயே அழுக்கு இருந்ததென்று தெரிந்தால் இரண்டு சிவப்பும் செல்லாது. ஆனால் சோதித்தவரை இயந்திரத்தை விட்டு எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் நெல்ஃபாவை நிரந்தரமாக்குவதாக இருந்தது. நாற்காலியில் தூங்கியதற்காக ஏற்கெனவே ஒரு எச்சரிக்கையும் வாங்கியிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள். புதுப் பட்டை ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையைத் துடைத்துச் செருகினாள். சிவப்பு.

"சர், வெடிகுண்டு நான்தான்."

"என்ன உளர்ற?"

"காலையில மாமரத்துக்கு மருந்து கலக்கினேன். கை கழுவல."

"கழுவலையா! ஏன்?"

"பாஸ்மா, சர்."

பால்மாரெஸ் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "எங்கம்மாவும் கழுவ விடமாட்டா. ஆனா ரிப்போர்ட்ல பாஸ்மான்னு எழுத முடியாதே, நெல்ஃபா."

பக்கத்து வரிசைப் பெண் வந்து, நெல்ஃபாவின் கையுறை பட்ட ரிச்செலின் கையைக் கழுவச் சொல்லி, அதையும் நெல்ஃபா தொடாத பைக் கைப்பிடியையும் துடைத்தாள். பச்சை. ரிச்செல் நன்றிகூடச் சொல்லவில்லை. ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

நெல்ஃபா என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். அன்று மாலை சமையலறை நாற்காலியில் வந்து விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொண்ணு ஏறிட்டாளா?" என்றேன்.

"கதவு மூடுறதுக்குள்ள போயிட்டா."

"உன் நிரந்தரம்?"

"இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷமும் சந்தேகந்தான்." கைகளை நீட்டிக் காட்டினாள். "பாருங்க மானாங், சோப்புப் போட்டுக் கழுவ வெச்சாங்க. இப்ப நடுங்குது."

"அது பசி. சாப்பிடு."

சோற்றையும் மீன் குழம்பையும் முன்னால் வைத்தேன். பாதித் தட்டிலேயே தூங்கி வழிந்தாள். தட்டை இழுத்து வைத்துவிட்டு மாடிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவளுக்கு வேலை. சீருடை மாட்டிக்கொண்டு போனாள். இயந்திரத்தின் முன்னால் பக்கத்து வரிசைப் பெண் உட்கார்ந்திருந்தாள். நெல்ஃபாவுக்குக் கொடுத்தது தட்டு வண்டி. பயணிகள் தங்கள் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் காலித் தட்டுகளை அடுக்கி, வரிசையின் தொடக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வண்டியின் ஒரு சக்கரம் இழுத்தது. அவள் தள்ளினாள்.